செவ்வாயில் குடியேறலாமா?

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் போய்க் குடியேற வேண்டும் என்று மேல்நாட்டில் சில காலமாகப் பலமான பிரசாரம் நடந்து வருகின்றது. ஸ்பேஸ்எக்ஸ் என்னும் அமெரிக்க ராக்கெட் கம்பெனியின் முதலாளியாகிய எலான் மஸ்க் என்பவர், 2016ஆம் ஆண்டில் மெக்சிகோ தேசத்தில் கூடிய ஒரு மகாநாட்டில், பத்து லட்சம் ஜனங்கள் வசிக்கத்தக்க ஒரு பட்டணத்தை அங்கே உண்டாக்குவதே தமது உத்தேசம் என்று பேசினார். பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் இதை ஆதரிக்கிறோமா, எதிர்க்கிறோமா என்று தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம்.

முதலில் நம் நாட்டு ஜோசியனுடைய செவ்வாயைப் பார்ப்போம். ஜாதகத்தில் உள்ள 12 வீடுகளில் 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் எதிலாவது செவ்வாய் இருந்துவிட்டால் அது தோஷமாம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஏறக்குறையப் பன்னிரண்டு பேரில் அய்ந்து பேர் தோஷக்காரர்களாக இருக்க வேண்டும். இந்தப் பித்தலாட்டத்தை நம்பி எத்தனையோ பெண்களைத் தலை நரைக்கும்வரை தகப்பன் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி அதே செவ்வாயில் இறங்கி, பாறையைத் துளைத்து ஆராய்ந்தது. களிமண்ணைக் கண்டது, பழங்காலத்து ஏரிப் படுகையைக் கண்டது. கலியாண மாப்பிள்ளையைக் கொல்லும் வஸ்து எதையும் அது காணவில்லை.

நம் நாட்டவர்களும் சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் 2013 நவம்பர் 5ந் தேதி, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையன்று, மங்கள்யானை அனுப்பினார்கள். முதல் முயற்சியிலேயே 2014 செப்டம்பர் 24ந் தேதி அது செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. ராக்கெட்டின் சிறு உருவத்தைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்துவிட்டு வரும் வழக்கம் அந்த ஸ்தாபனத்தின் தலைவர்களிடத்தில் இருந்து வருவது வெட்கக்கேடு என்றாலும், ராக்கெட் கிளம்பியது எரிபொருளாலும் கணக்காலுமேயன்றிப் பிரசாதத்தால் அல்ல.

"ஏழைகள் சோறின்றி வாடும்போது செவ்வாய்க்கு எதற்காகச் செலவு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் 2019ல் அலகாபாத் கும்பமேளாவுக்குச் சுமார் 4200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டபோது இவர்களுக்கு ஏழைகளின் ஞாபகம் ஏன் வரவில்லை? ஆகையால், அறிவை வளர்ப்பதற்காகச் செவ்வாய்க்குப் போவதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கின்றோம். இயந்திரமும் போகட்டும், காலம் வரும்போது மனிதனும் போகட்டும்.

நிற்க. போய்ப் பார்த்துத் திரும்புவது வேறு, குடியேறுவது வேறு. செவ்வாயின் காற்றழுத்தம் நமது பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சொற்பக் காற்றிலும் நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு. சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. பூமியில் ஒருவர் மேல் ஓர் ஆண்டில் சராசரியாகப் படுகின்ற இயற்கைக் கதிர்வீச்சில் கால் பங்குக்கு மேல் அங்கே ஒரே நாளில் படுவதாகக் கியூரியாசிட்டி அளந்து சொல்லியிருக்கிறது. ஈர்ப்பு விசையோ பூமியில் உள்ளதில் நூற்றுக்கு 38 பங்குதான். அந்த ஈர்ப்பில் மனிதக் கரு ஒழுங்காய் வளருமா என்று இதுவரை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. பத்து லட்சம் பேர் கொண்ட பட்டணம் என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகையைப் பெற்றுத் தரவேண்டியவர்கள் பெண்கள் அல்லவா?

சுவாசிப்பதற்குக் காற்றை அங்கேயே செய்துகொள்ளலாம் என்கிறார்கள். 2021 முதல் 2023 வரை மாக்ஸி என்னும் சிறு இயந்திரம் செவ்வாயின் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் காட்டியது உண்மை. அது மனித அறிவின் பெரிய வெற்றி. ஆனால் பதினாறு தடவை ஓட்டியதில் கிடைத்தது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். அதாவது கிடைத்தது ஒருவனுக்கு மூன்றரை மணி நேரத்துக்குத்தான் போதும். அது மாதிரிக்குச் செய்த இயந்திரம், பெரிதாகச் செய்தால் அதிகம் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பூமியிலேயே அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1991ல் எட்டுப் பேர் கண்ணாடிக் கூடத்துக்குள் அடைபட்டு இரண்டு வருஷம் வாழ்ந்து பார்த்தபோது, 21 பங்காக இருந்த பிராணவாயு பதினாறு மாதத்தில் 14 பங்கு சொச்சமாக இறங்கிப் போய், வெளியிலிருந்து வாயுவை ஏற்றித்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அரிசோனாவில் வெளியே காற்று இருந்தது; ஏற்றினார்கள். செவ்வாயில் எங்கிருந்து ஏற்றுவது?

இதற்கு அவர்கள் சொல்லும் பெரிய சமாதானம் ஒன்று உண்டு. ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன் ஒரு விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்ததுபோல மனித ஜாதியும் அழிந்து போகலாம். ஆகவே இரண்டாவது வீடு ஒன்று வேண்டும் என்கிறார்கள். கல் விழக்கூடும் என்பது மெய்தான். ஆனால் அப்படிக் கல் விழுந்த மறுநாளும் பூமியில் காற்று இருந்தது, தண்ணீர் இருந்தது. செவ்வாயைவிடப் பூமியே மேலாக இருந்தது. மேலும், 2022 செப்டம்பரில் நாசாக்காரர்கள் டார்ட் என்னும் விண்கலத்தை டிமார்பஸ் என்ற சிறு விண்கல்லின் மேல் மோதவிட்டு, அது சுற்றும் நேரத்தை அரைமணிக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள். கல்லை நகர்த்துவது சுலபமா, மனித ஜாதியையே நகர்த்துவது சுலபமா? இங்கே கஷ்டப்படுகிறவனுக்கு மேலே ஓர் உலகம் காத்திருக்கிறது என்று காட்டிக் காசு பறித்தவன் புரோகிதன். அந்த மோட்சத்துக்கும் இந்த இரண்டாவது வீட்டுக்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கையில் பணமில்லாதவர்கள் கடன் வாங்கிக்கொண்டு வரலாம், அங்கே வேலை செய்து கடனை அடைக்கலாம் என்று 2020ல் அந்த முதலாளி சொன்னார். தமிழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் மக்கள், கடன் தொகை எழுதிய துண்டோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றப்பட்டார்கள். அந்தத் துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. அப்படியிருந்தும், ஓடிப்போக நினைத்தவனுக்குக் காடு இருந்தது. திரும்பி வரக் கடல் இருந்தது.

1927ல் மகாத் என்னும் ஊரில் பொதுக் குளத்துத் தண்ணீரைக் குடிப்பதற்காக டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தண்ணீரைப் பொதுவில் வைக்க மனமில்லாத மனித சமூகம், காற்றே இல்லாத இடத்தில் காற்றைப் பொதுவில் வைக்கும் என்று எதைக்கொண்டு நம்புவது? அங்கே சுவாசக் குழாயின் திருகு எவன் கையில் இருக்கிறதோ அவனே கடவுள், அவனே அரசன், அவனே பார்ப்பான். அவனிடம் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்ய முடியுமா?

1967ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி எந்தத் தேசமும் எந்தக் கிரகத்தையும் தனக்குச் சொந்தமென்று சொல்லக்கூடாது. ஆனால் வெட்டி எடுத்த பொருள் தன் பிரஜைக்குச் சொந்தமாகலாம் என்று அமெரிக்கா 2015ல் சட்டம் செய்துகொண்டது. பூமியிலுள்ள எந்தச் சர்க்காருக்கும் செவ்வாயில் அதிகாரமில்லை என்று மேற்படி கம்பெனி 2020ல் தன் இன்டர்நெட் சந்தாதாரர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தது. ஊர் உண்டாவதற்கு முன்பே உரிமைச் சாசனம் தயாராகிவிட்டது என்றால் அவசரம் யாருக்கு என்பதைத் தோழர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். தென் துருவத்தைப் பாருங்கள். 1959ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ்ப் பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய்த் தங்குகிறார்கள், படிக்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள். அங்கே பட்டா வாங்கியவன் எவனுமில்லை. செவ்வாய்க்குப் போவதும் அம்மாதிரியே இருக்க வேண்டும். போகிறவன் எவனாயினும் திரும்பி வரும் பாதை அவனுக்கு உறுதியாயிருக்க வேண்டும். கடன்காரனாக எவனையும் ஏற்றிச் செல்லக்கூடாது. காற்றும் தண்ணீரும் எந்தக் காலத்திலும் எந்த முதலாளிக்கும் சொந்தமாகக்கூடாது என்பது எல்லாத் தேசங்களும் ஒப்புக்கொண்ட சட்டமாக வேண்டும். இந்த மூன்றும் நடக்கும்வரை குடியேற்றப் பேச்சை நாம் எதிர்த்தே தீருவோம்.

அதுவரையில் நம் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இங்கேயே இருக்கிறது. செவ்வாய் தோஷம் என்று தள்ளப்பட்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜாதகத்தைக் கேட்காமல் கலியாணம் செய்துகொள்ள இளைஞர்கள் முன்வரட்டும்.