கீழிருந்து ஏறட்டும் வெளிச்சம்

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த இரண்டாம் நாள் இரவு. கூடத்தில் அவளுக்குக் கட்டில். ஏதாவது வேண்டுமென்றால் எழுப்பட்டும் என்று பக்கத்திலேயே பாய் விரித்து நான் படுத்திருந்தேன். நடுவில் முழிப்பு வந்தது. மணி என்ன என்று பார்க்க செல்போன் பட்டனை அமுக்கினேன். கூடம் முழுக்க வெள்ளை வெளேர் என்றானது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "யாருல அது, மூஞ்சில டார்ச்சு அடிக்கது?" என்றாள். மணி இரண்டரை.

அந்தப் போனில் எந்தப் பழுதும் கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்லலாம். என் பிழைப்பே செல்போன் சர்வீஸ்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 2013 முதல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 20 வருடத்துக்கும் மேல் சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். இரண்டு வேலையுமே மனிதர் கண்ணுக்கு வெளிச்சம் காட்டுகிற வேலை. அதனால்தான் அன்றைக்கு அம்மா முகத்தை மூடிக்கொண்டது என் மனதை விட்டுப் போகவில்லை.

தியேட்டரில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்றுத் தந்தது விளக்கை அணைக்கத்தான். படம் ஓட்டுவதெல்லாம் ஆறு மாதம் கழித்து. கேபின் சுவரில் டிம்மர் பெட்டி ஒன்று இருக்கும். அதன் கைப்பிடியை ஒரே வேகத்தில் திருப்பினால் முதல் பாதி வரை ஹாலில் எதுவும் மாறாதது போலவே இருக்கும். கடைசிக் கால்வாசியில் திடுமென்று இருண்டுவிடும். மூத்த ஆபரேட்டர் என் கைமேல் கை வைத்துக் காட்டித் தந்தார்: தொடக்கத்தில் சட்டென்று திருப்பு, கீழே வர வர மெதுவாக்கு, கடைசியில் நூல் நூலாக இறக்கு. "தடார்னு அணைச்சா, சீட்டு தேடி வர்றவன் படியில விழுவான்ல" என்பார். இன்டர்வெல்லுக்கு விளக்கைப் போடும்போது இதையே திருப்பிப் போட வேண்டும். கீழே நூல் நூலாக, மேலே போகப் போக வேகமாக.

அவர் கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே வேபர், ஃபெக்னர் என்ற இரண்டு ஜெர்மன் அறிஞர்கள் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மெழுகுவத்தி எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் கண் உடனே கண்டுகொள்ளும். நூறு எரியும் அறையில் நூற்றியொன்றாவதை ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைக்கூட இந்த முறைக்கு ஆண்ட்ராய்டு மாற்றியது 2018இல் வந்த 9ஆம் பதிப்பில்தான். இருட்டு அறையில் கொஞ்சம் நகர்த்தினாலே வெளிச்சம் எகிறிய பழைய போன்களை வைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

கண்ணின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கத் தொடங்கவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அப்படி அரை மணி நேரமாக விரிந்து கிடக்கிற கண்ணின் முன்னால், அது சுருங்கத் தொடங்கும் முன்பே முழு வெளிச்சத்தையும் கொட்டினால் என்ன ஆகும்? மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்த கண்ணென்றால் இன்னும் கூசும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது.

பட்டனை அமுக்கியதும் போனுக்குள் நடப்பது இது. தூங்கிக்கிடந்த பிராசஸர் விழிக்கும். டிஸ்ப்ளேவுக்குக் கரண்ட் போகும். லாக் ஸ்கிரீன் படம் முழுசாகத் தயாராகும் வரை ஆண்ட்ராய்டு திரையைக் கறுப்பாகவே வைத்திருக்கும். இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்த பக்கம் பளிச்சென்று ஒருமுறை தெரிந்து மறையும். படம் தயாரானதும் வெளிச்சம் வரும். எவ்வளவு வரலாம் என்று சொல்ல வேண்டியது லைட் சென்சார். போன் தூங்கும்போது அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்து, அறையை அளந்து சொல்ல அதற்கு நொடியில் ஒரு பங்கு பிடிக்கும். பல போன்கள் அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கடைசியாக எந்த வெளிச்சத்தில் அணைந்தனவோ அதே வெளிச்சத்தில் எரிந்துவிட்டு, சென்சார் சொன்னபிறகு கீழே இறங்குகின்றன. நான் பத்து மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் அணைத்த போன், இரண்டரை மணி இருட்டில் டியூப்லைட்டுக்கு ஏற்ற வெளிச்சத்தோடு எழுந்தது. ஒரு நொடி கழித்துத் தானே மங்கவும் செய்தது. அதற்குள் அம்மாவின் கண்ணில் பட வேண்டியது பட்டுவிட்டது.

போன் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். மேலே எரிந்து கீழே இறங்குவதற்குப் பதிலாகத் திரை கீழிருந்து மேலே ஏறட்டும். சென்சார் பதில் சொல்லும் வரை, மணியைப் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். இருட்டு என்று சென்சார் சொன்னால் அங்கேயே நிற்கட்டும். உச்சி வெயில் என்று சொன்னால் ஒரே தாவாகத் தாவட்டும். மத்தியானம் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற தம்பிக்குத் திரை உடனே பளிச்சென்று தெரிந்தாக வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அவருக்கு ஒரு வேகம், கட்டிலில் படுத்திருக்கிற அம்மாவுக்கு ஒரு வேகம் என்று பிரித்துச் செய்யத் தேவையான சென்சார், போனில் ஏற்கெனவே இருக்கிறது. புதுசாக ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

என் கடையில் வேலை பார்க்கிற பையன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, வர்றவங்க எல்லாரும் அனிமேஷனை ஆஃப் பண்ணித் தரத்தான் கேக்காங்க. நீங்க இன்னும் மெதுவாக்கச் சொல்லுதீக" என்றான். அவன் சொல்வதும் உண்மை. டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் மூன்று அனிமேஷன் அளவுகளையும் பாதியாக்கித் தருவது எங்கள் கடையில் அடிக்கடி நடக்கிற வேலை. பழைய போன் அதில் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும். ஐபோனிலும் 2013இல் வந்த புதுப் பதிப்பின் பறந்து விரியும் அசைவுகள் தலைசுற்றலைத் தருவதாகப் பலர் சொன்னார்கள். அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டால் பறப்பதற்குப் பதில் மெல்லக் கரைகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள்.

தாமதம் வேறு, மென்மை வேறு. பட்டனை அமுக்கிய பத்தில் ஒரு நொடிக்குள் ஏதாவது நடந்தால்தான் உடனே நடந்ததாக மனம் ஏற்கும். அதைத் தாண்டினால் விரல் மறுபடி பட்டனுக்குப் போகும். ஆகவே தொடக்கம் உடனே இருக்க வேண்டும். உச்சத்தை எட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் சாதாரணத் திரையில் 0.3 நொடி என்பது 18 படம். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். ஒரு காட்சி இருட்டில் கரைந்து போக 24, 48 பிரேம் என்று எடுத்துக்கொண்ட படங்களைத்தான் நான் ஓட்டியிருக்கிறேன். பதினெட்டுப் படத்துக்குள் ஏறி முடிகிற வெளிச்சத்தை யாரும் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த 18இல் முதல் சிலவற்றிலேயே மணி தெரிந்துவிடும்.

அணைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்தார். சென்னையில் படிக்கிற மகள் கூப்பிட்டால் போன் செத்துப்போகிறது என்றார். "பேசிக்கிட்டே இருக்கும்போது கருப்பாயிருது தம்பி. நான் பட்டனைப் போட்டு அமுக்குதேன், வரமாட்டேங்கு. பிள்ளை என்ன நெனச்சுக்கிடுமோ." அவர் கண்ணெதிரே என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். காதுக்குக் கொண்டுபோனதும் திரை அணைந்தது, எடுத்தபிறகும் அணைந்தே இருந்தது. மேலே ஒட்டியிருந்த டெம்பர் கிளாஸின் ஓரம் பிராக்சிமிட்டி சென்சாரை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது காதில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கண்ணாடியும் அதன் அடியில் சேர்ந்த அழுக்கும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பின. காது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று போன் நம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாற்றி, சென்சார் வாயைத் துடைத்ததும் சரியாகிவிட்டது. காசு வாங்கியது கண்ணாடிக்கு மட்டும்.

அவர் போனபிறகு எனக்கு உறைத்தது வேறு. கறுத்துப்போன திரை எதையுமே சொல்வதில்லை. தூங்குகிறதா, அணைந்துவிட்டதா, செத்துவிட்டதா? மூன்றுக்கும் ஒரே கறுப்பு. செத்துவிட்டது என்று என் மேஜைக்கு வருகிற போன்களில் சிலவற்றுக்கு எந்த நோயும் இருப்பதில்லை. திரை மெல்ல மங்கி அணைந்தால், இது தானாகவே போகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். பொட்டென்று போனால் மனம் பழுது என்றுதான் நினைக்கும். மின்சாரம் போவது போலத்தானே அது.

ஆண்ட்ராய்டில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. 30 நொடியில் திரை அணையட்டும் என்று வைத்திருந்தால், மூல ஆண்ட்ராய்டில் கடைசி 6 நொடிக்கு முன்கூட்டியே மங்கிக் காட்டும். போகட்டுமா என்று கேட்பது மாதிரி. தொட்டால் திரும்ப வந்துவிடும். பட்டனை அமுக்கி அணைக்கும்போதும் முன்பு அழகான ஒன்று இருந்தது. 2010 டிசம்பரில் வந்த ஜிஞ்சர்பிரெட் என்ற 2.3ஆம் பதிப்பில், படம் மேலும் கீழும் நசுங்கி ஒரு வெள்ளைக் கோடாகி மறையும். பழைய பிக்சர் டியூப் டிவியை அணைத்தால் படம் சுருங்கிப் போகுமே, அதே காட்சி. சாலிடேரும் டயனோராவும் வீட்டில் இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் கடையில் நின்றுகொண்டே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். 2014இல் 5.0 வந்தபோது அது போய், நிறம் வெளிறிக் கறுப்பில் கரைகிற முறை வந்தது. இரண்டுமே எனக்குப் பிடித்தவைதான். இப்போது பல கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்கு ஒன்றை வைக்கின்றன, அல்லது ஒன்றுமே வைப்பதில்லை.

ஒரு காலத்தில் கல்லூரிப் பையன்கள் போனை எடுத்துவந்து சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். திரை எரியும்போது ஒரு அசைவு, அணையும்போது ஒரு அசைவு என்று தனித்தனியாகத் தேர்ந்துகொள்ள அதில் இடம் இருந்தது. சம்பளம் வாங்காத ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்த வசதி அது. 2016 கடைசியில் அந்தத் திட்டமே முடிந்துபோனது. இவ்வளவு பெரிய கம்பெனிகள் அந்த ஒரு பக்க அமைப்பைத் திரும்பக் கொடுக்க முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன். எரியும் வேகம், அணையும் வேகம் என்று இரண்டு கோடுகள் போதும். யாருக்கு எது வேண்டுமோ நகர்த்திக்கொள்ளட்டும்.

வெளிச்சத்தைக் குறைத்தாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. ஓஎல்இடி திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பது உண்மையில் சிமிட்டித்தான். வேகமாக எரிந்து எரிந்து அணையும். அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் மங்கலாகத் தெரியும். நொடிக்கு 240 முறை என்ற அளவில் சிமிட்டும் போன்கள் நிறைய வந்தன. நாங்கள் புரொஜெக்டரில் 24 பிரேமை ஷட்டரால் இரண்டிரண்டு முறை வெட்டி 48 ஆக்கிக் காட்டினோம், மக்கள் பார்த்தார்கள். ஆனால் அது மூன்று மணி நேரம், தூரத்துத் திரை. இது நாள் முழுக்க, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. சிலருக்கு இதில் தலைவலி வருகிறது. மங்கலாக்கும்போது சிமிட்டலை வேகப்படுத்துவதும் தயாரிப்பாளர்கள் பொறுப்பில் சேர வேண்டும்.

போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள், ரேமைப் பார்க்கிறார்கள். கடையின் பளீர் விளக்கில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் தெரியும். வாங்கும் முன் ஒரு நிமிடம் போனைச் சட்டைப்பையில் போட்டு வைத்துவிட்டு, ஏதாவது இருட்டு மூலையில் எடுத்து எரிய வைத்துப் பாருங்கள். யூடியூபில் தமிழில் போன்களை அலசிச் சொல்கிற தம்பிகளும் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பட்டனை அமுக்கிக் காட்டலாம். ஏற்கெனவே போன் வைத்திருப்பவர்கள், படுக்கும் முன் வெளிச்சத்தைக் கையால் அடியோடு இறக்கிவிட்டு அணைக்கலாம். தூக்கினால் தானே எரியும் வசதியை ராத்திரிக்கு நிறுத்தி வைக்கலாம். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் எக்ஸ்ட்ரா டிம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் என் போனில் செய்தாகிவிட்டது. ஆனாலும் சில நாள் மறந்துவிடுகிறேன், அசதியில் அப்படியே தூங்கிவிடுகிறேன். அதனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ராத்திரி மணி பார்க்க வேண்டுமென்றால் போனைப் பாயில் கவிழ்த்து வைத்துத்தான் பட்டனை அமுக்குவேன். ஓரத்தில் கோடு மாதிரி வெளிச்சம் கசியும். கொஞ்சம் பொறுத்து, அம்மாவின் பக்கம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நூல் நூலாகத் தூக்குவேன். டிம்மர் கைப்பிடியைத் திருப்பின கைக்கு அந்த வேகம் இன்னும் மறக்கவில்லை. நேற்று மூன்று மணிக்கு அப்படிப் பார்த்தேன். அம்மா புரளக்கூட இல்லை.