கைக்காசுக்கு வழி இருக்குமா? அட்டைக்கு மாறும் அதிவேக வீதிகளும் மலையகமும்

நுவரெலியா மாவட்டத்தில் அதிவேக நெடுஞ்சாலை என்று ஓர் அடி வீதியும் இல்லை. ஆகவே நெடுஞ்சாலைக் கட்டணத்தை வங்கி அட்டையில் செலுத்தலாமா, காசில் செலுத்தலாமா என்பது கொட்டகலைக்குச் சம்பந்தமில்லாத கதை என்று தோன்றலாம். உண்மை அப்படியல்ல. கொட்டகலையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் வான்களைப் பாருங்கள். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று ஏ7 வீதியில் இறங்கி, கடுவெலவில் வெளிச்சுற்று வட்ட நெடுஞ்சாலையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் விமான நிலைய நெடுஞ்சாலையைப் பிடிப்பது அவற்றின் வழமையான பாதைகளில் ஒன்று. உள்ளே இருப்பவர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகும் தோட்டத்துப் பெண்களும் அவர்களை வழியனுப்ப வரும் குடும்பத்தினரும்தான்.

2025 மே மாதம் கொட்டாவ, கடவத்தை வெளியேறும் வாயில்களில் வங்கி அட்டை மூலம் கட்டணம் செலுத்தும் முறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, தெரிவுசெய்யப்பட்ட வழித்தடங்களில் பஸ் கட்டணத்தையும் அட்டையில் செலுத்தலாம் என்ற திட்டம் மாகும்புரவில் ஆரம்பமானது. அதற்கு முன்னரே, பெப்ரவரி 7ஆம் திகதி, அரசாங்கக் கொடுப்பனவுகளுக்கான 'கவ்பே' வந்துவிட்டது. திசை தெளிவாகத் தெரிகிறது. வரிசை குறையும், சில்லறைத் தகராறு ஒழியும், காசு கை மாறும் இடத்தில் இருக்கும் ஓட்டைகளும் அடைபடும். இவற்றை மறுப்பதற்கில்லை.

இன்று காசும் ஏற்கப்படுகிறது, அட்டையும் ஏற்கப்படுகிறது. நாளை என்ன என்பதே கேள்வி. அதற்கு அயலில் ஒரு விடை ஏற்கனவே இருக்கிறது. இந்தியாவில் 'பாஸ்டேக்' ஒட்டுவில்லை முதலில் ஒரு வசதியாகத்தான் வந்தது. 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் கட்டாயமானது. அது இல்லாத வாகனத்துக்கு இரட்டிப்புக் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் அந்த விதி சற்றுத் தளர்த்தப்பட்டது: செல்லுபடியாகும் ஒட்டுவில்லை இல்லாதவர் கைபேசியில் 'யுபிஐ' மூலம் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு, கையில் காசாகக் கொடுத்தால் பழையபடி இரண்டு மடங்கு. அரசே அச்சடித்த நாணயத்தாளை அரசின் வீதியில் நீட்டுபவருக்கு அபராதம்! தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய நம்மவர்களுக்குப் பரனூர் சுங்கச்சாவடி வரிசை நினைவிருக்கும். அந்த வரிசை குறைந்ததற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

இந்த வழியில் இலங்கையும் போனால் மலையகத்தில் யார் அடிபடுவார்கள்? வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அஸ்வெசும கொடுப்பனவுக்காகவே பலர் கணக்குத் திறந்தார்கள். ஆனால் சேமிப்புப் புத்தகம் வைத்திருப்பது வேறு, எந்த இயந்திரத்திலும் தட்டக்கூடிய அட்டையும் அதில் மீதிப் பணமும் வைத்திருப்பது வேறு. பணம் விழுந்த அன்றே ஹட்டனுக்கோ கொட்டகலை நகருக்கோ போய் எடுத்து, கடைக்கடனைத் தீர்க்கும் குடும்பத்துக்கு, கணக்கு என்பது பணம் தங்கும் இடமல்ல. கடந்து போகும் இடம்.

விலாசமும் ஒரு சிக்கல். லயன் வீடுகளில் இருப்போர் பலருக்குத் தனி விலாசம் இல்லை; கடிதங்கள் தோட்ட அலுவலகத்தைச் சுற்றித்தான் கைக்கு வருகின்றன. வங்கி அனுப்பும் அட்டையும் அதே வழியில்தான் வரவேண்டும். வாடகை வான் சாரதி தன் அட்டையில் கட்டிவிட்டு வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்தான். அப்போது அந்தத் தொகைக்கான பற்றுச்சீட்டு பயணியின் கைக்கு வருமா என்பது சாரதியின் மனதைப் பொறுத்தது.

மலையகத்துக்கு இது முற்றிலும் புதிய அனுபவமும் அல்ல. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் விபரம் எழுதிய 'துண்டு' வேண்டும் என்றிருந்த காலம் 1921இல்தான் சட்டப்படி முடிந்தது. துண்டும் வங்கி அட்டையும் ஒன்றல்ல. ஆயினும் இடம்பெயரும் உரிமையை இன்னொருவர் தரும் ஒரு சீட்டில் கட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மக்கள் மூன்று தலைமுறை பார்த்திருக்கிறார்கள்.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். 2002இல் ஏ9 திறந்தபோது ஓமந்தையில் படையினர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதினார்கள். அப்பால் போனதும் புலிகள் பொருட்களுக்கு வரி அறவிட்டார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்படும் வரை ஒரே பயணத்துக்கு இரண்டு பதிவுகள். கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களும் அந்த வரிசையில் நின்றவைதான். பயணம் எழுத்தில் பதியப்படுவதன் பாரம் எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

காசு கொடுத்துப் பெறும் பற்றுச்சீட்டில் பெயர் இராது. அட்டையில் செலுத்தும்போது ஆள், வாயில், நேரம் மூன்றையும் பின்னர் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு உருவாகிறது. வாயில்களில் ஏற்கனவே கமெராக்கள் உண்டு என்று சொல்வோர் இருக்கலாம். படம் வேறு, வங்கிக் கணக்கோடு கட்டிய பதிவு வேறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பின் பெயரில் விலக்களிக்கவும் அதில் இடமிருக்கிறது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்னவெல்லாம் சான்றாக்கப்பட்டன என்று அறிந்த சமூகம், கட்டணப் பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படும், எவர் கேட்டால் கொடுக்கப்படும் என்று இப்போதே கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று, மின்சாரமும் தொலைத்தொடர்பும். 'கவ்பே' தொடங்கி இரண்டாம் நாள், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியது. அதைச் சிரித்துக் கடந்தோம். பஸ் அட்டைத் திட்டம் தொடங்கி நான்காம் நாள் வந்த 'டித்வா' புயலைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. மண்சரிவுகள் வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்தன. மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அப்படிப்பட்ட நாட்களில் எந்த அட்டை இயந்திரமும் வேலை செய்யாது. மடியில் முடிந்து வைத்த தாள்தான் கடைக்காரருக்கும் வான் சாரதிக்கும் செல்லுபடியாகும்.

எனவே அட்டை வேண்டாம் என்பதல்ல இங்கே சொல்லவருவது. காசு கொடுப்பவருக்கு மேலதிகக் கட்டணம் கிடையாது என்பது அமைச்சரின் வாய்மொழியாக இல்லாமல் வர்த்தமானியில் வரவேண்டும். பெயரும் விலாசமும் கேட்காமல், நகரக் கடைகளில் காசுக்கு வாங்கிப் பயன்படுத்தக்கூடிய முற்கொடுப்பனவு அட்டை ஒன்றும் வேண்டும். அது பல நாடுகளின் நகரப் பஸ்களிலும் ரயில்களிலும் சாதாரண விடயம். இயந்திரத் திரையிலும் பற்றுச்சீட்டிலும் தமிழ் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கோர வேண்டியிருப்பதே வெட்கம்.

மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சம்பளத்துக்கும் காணிக்கும் குரல் கொடுப்பது அவசியம்தான். ஆனால் இதற்கும் காலம் குறுகியதே. இடைநின்றுபோன மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை - மீரிகம பகுதி வேலைகள் 2025 செப்டெம்பரில் மீள ஆரம்பிக்கப்பட்டன. கண்டியை நோக்கிப் போகவேண்டிய அந்தப் பாதையின் வாயில்களில் எத்தனை தடங்கள் காசுக்கு, எத்தனை அட்டைக்கு என்பது சீமெந்து ஊற்றும் முன் வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடும்.