தேடினால் கிடைக்க வேண்டும்

புதுச்சேரியை ஒட்டியுள்ள உழவர்கரையை ஒழுகரை என்றும் எழுதுகிறோம். ரோமன் எழுத்தில் நகராட்சியின் பெயர் பிரெஞ்சு வழக்கப்படி 'ஓ, யூ' எனத் தொடங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ 'ஓ, இசட்' எனத் தொடங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3 லட்சம் பேர் வாழும் ஊர் இது. இப்பெயர்கள் அனைத்தும் ஓர் ஊரையே குறிப்பவை என்பதை ஊரார் அறிவர். சொல்லித் தராதவரை கணினித் தேடுபொறி அறியாது.

இதை வெறும் எழுத்துச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 அக்டோபர் 27 அன்று புதுச்சேரி, தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அப்போது 2002-2004 காலத்துப் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் கண்டறிய வேண்டிய தேவை மக்களுக்கு எழுந்தது. இத்தகைய தருணங்களில் 'பதிவு இல்லை' என்று திரையில் தோன்றும் ஒரு வரி, ஒருவரின் வாக்குரிமை குறித்த அச்சமாகவே மாறிவிடும்.

புதுச்சேரியில் இச்சிக்கல் சற்றே கூடுதல். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. எனினும் பிரெஞ்சு எழுத்துமுறை ஆட்பெயர்களில் நிலைத்துவிட்டது. 'உ' ஒலிக்கு ஆங்கில வழியில் ஓர் எழுத்து. பிரெஞ்சு வழியில் இரண்டு. தாத்தாவின் பிறப்புப் பதிவில் ஒருவகையாகவும் பேரனின் அடையாள அட்டையில் வேறுவகையாகவும் சுப்பராயன் என்னும் பெயர் இருக்கக்கூடும்.

தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது? ஆவணங்களைச் சொற்களாகப் பிரித்து, அவற்றைச் சீராக்கி, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்ற ஒன்றை முன்கூட்டியே உருவாக்கிக்கொள்கிறது. பின்னர் நாம் தட்டச்சிடும் சொல்லை அந்த அடைவோடு ஒப்பிடுகிறது. ஆவணத்துக்குக் கையாண்ட விதிகளோடு இசையாத விதிகளைக் கேள்விக்குக் கையாண்டால், உள்ளே இருப்பதும் கிடைக்காது.

தமிழில் இவ்விதிகளை வகுப்பது எளிதன்று. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீராக்காத கணினிக்கு வேறுவேறு. அடுத்தது வேற்றுமை உருபு. உழவர்கரையில், உழவர்கரைக்கு, உழவர்கரையிலிருந்து ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லுக்குள் அடக்க வேண்டும். ஆனால் 'இல்' என்று முடிவதையெல்லாம் கண்மூடித்தனமாக வெட்டினால் மயிலும் கோயிலும் சிதைந்துபோகும். எனவே கட்டுரைகளுக்கு ஏற்ற விதி ஆட்பெயர்களுக்குப் பொருந்தாது. லூசீன் போன்ற திறமூலத் தேடல் மென்பொருளில் தமிழுக்கான பகுப்பாய்வுக் கருவி இருக்கிறது. அதை நம் ஆவணங்களுக்கேற்ப அமைக்கும் பொறுப்பு அலுவலகங்களுடையது.

தகவலைத் தேடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அவர் பேசியது சந்தை விலைகளைப் பற்றி. அரசு ஆவணங்களுக்கும் அது பொருந்தும். சரியாக அமைக்கப்படாத தேடுபெட்டியின் செலவைத் துறை ஏற்பதில்லை. ஒருநாள் கூலியை இழந்து அலுவலகத்துக்கு வந்து நிற்பவர்தான் ஏற்கிறார். அந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. ஊர்ப்பெயர், ஆட்பெயர்களின் தமிழ், ஆங்கில, பிரெஞ்சு வடிவங்களை இணைக்கும் பொதுப்பட்டியல் ஒன்றைப் புதுச்சேரி அரசு தொகுத்து எல்லாத் துறைகளுக்கும் வழங்கலாம். எழுத்துக்கு எழுத்து பொருந்துவதை முதலிலும், நெருங்கிய வடிவங்களை 'இதுவாகவும் இருக்கலாம்' என்ற குறிப்புடன் அடுத்தும் காட்டலாம். பெயர் வேறுபட்ட இருவரை ஒருவரெனக் கணினியே முடிவுசெய்துவிடக் கூடாது. தெரிவு மனிதரிடம் இருக்க வேண்டும். விடை கிடைக்காத தேடல்களை, தேடியவரின் அடையாளத்தைப் பதியாமல், மாதந்தோறும் ஆராய்ந்தால் பட்டியலின் குறைகள் தாமே புலப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேடலில் கிடைக்காததை ஆவணத்தில் இல்லாததாகக் கொண்டு எவருடைய உரிமையையும் மறுக்கக் கூடாது என்பது நிர்வாக விதியாக வேண்டும். ஆவணங்களைக் கணினியில் ஏற்றியதோடு மின்னாளுகை நிறைவடைந்துவிடுவதில்லை. உரியவர் தேடும்போது அவை கைக்குக் கிட்டினால்தான் அது மக்களுக்கானது.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்.