களத்துமேடும் கண்ணாடி அறையும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு ரஸிகர் கேட்கிறார்: "எங்கள் பக்கத்துக் களத்துமேட்டுப் பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்தால் அதன் ஜீவன் நிற்குமா?" பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்த கேள்வி, திறவுகோலைச் சற்றுத் தேடத்தான் வேண்டியிருக்கிறது!

அமெரிக்காவில் டேனியல் ஜான்ஸ்டன் என்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார். 1980-களில் தாமே கட்டிய பாட்டுகளை வீட்டிலேயே மலிவான டேப் ரிக்கார்டரில் பதிந்து, ஆஸ்டின் நகரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தார். நாடாவின் இரைச்சலும் குரலின் நடுக்கமும் அப்படியே கேட்கும். அதற்கே ஒரு சிறு கூட்டம் பித்துப் பிடித்து நின்றது. 1994-இல் அட்லாண்டிக் என்னும் பெரிய கம்பெனி, பால் லியரி தயாரிக்க, 'ஃபன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. சுத்தமான பதிவுதான், விற்கவில்லை. கம்பெனியும் அவரைக் கைவிட்டது.

நம் கொல்லங்குடி கருப்பாயியின் கதை வேறு. சிவகங்கைச் சீமைக்காரர், ஏட்டைப் பாராமல் வாயாலேயே பாட்டுக் கட்டுகிறவர். வானொலியில் பெயர் பெற்ற அவரை, 1985-இல் பாண்டியராஜன் 'ஆண் பாவம்' படத்தில் நடிக்கவும் பாடவும் வைத்தார். ஸங்கீதம் இளையராஜா, பண்ணைப்புரத்துக்காரருக்குக் கிராமத்துக் குரலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரகரப்பைத் தேய்த்து வழவழப்பாக்காமல் விட்டாரே, அது பெரிய காரியம். 1993-இல் கருப்பாயிக்குக் கலைமாமணி விருது கிடைத்தது. 2025-இல் அவர் காலமானார். குரல் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

ஆகவே ஸ்டுடியோவைக் குற்றம் சொல்வானேன்? கேட்கும் காதுதான் முக்கியம். திண்டுக்கல் ரஸிகர் பாட்டியம்மாள் திடமாயிருக்கும்போதே ஒரு நல்ல மைக்குடன் போய் வரட்டும். அறுவடை அவசரத்தில் மட்டும் போகவேண்டாம். பாட்டுக்குப் பதில் வசவுதான் பதிவாகும்!