நோவாவின் தோட்டமும் நான்கு செடிகளும்

வேதபகுதி: ஆதியாகமம் 9:20-23, 1 கொரிந்தியர் 10:23-24



சில வாரங்களுக்கு முன், ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் அருந்தச் சென்ற பின்பு, நம் சபையின் சகோதரர் ஒருவர் என் அருகே வந்து அமர்ந்தார். பல ஆண்டுகள் கிடங்கில் பாரம் தூக்கி, இப்போது முதுகுவலியால் இரவில் உறங்க முடியாமல் தவிக்கிறவர். சட்டைப்பையிலிருந்து இரண்டு சிறிய உறைகளை எடுத்து என்முன் வைத்தார். “ஐயா, கோபிக்கக் கூடாது. இவை கஞ்சா விதைகள். சட்டப்படி வாங்கியவைதாம். இரண்டில் எதை வீட்டில் நடுவது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்காமல் நட மனம் வரவில்லை” என்றார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

முதலில் என் குறையை அறிக்கையிட வேண்டும். 2018 அக்டோபர் 17 அன்று கனடாவில் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஞாயிறே அதைக் கண்டித்துக் கடுமையாகப் பிரசங்கித்தேன். பலர் ஆமென் சொன்னார்கள். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை. ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணி மகிழ்ந்தேன். உண்மையில், கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் கதவை அடைத்திருந்தேன். ஆகவே இம்முறை உறைகளைக் கையில் எடுத்து வாசித்தேன்.

நாம் வாழும் ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர் வசிக்கும் வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. கடைகளில் கிடைக்கும் விதைகள் பெரும்பாலும் மூன்று வகை. சாதாரண விதையில் ஆண் செடியும் வரும், பெண் செடியும் வரும். போதைப்பொருள் மிகுந்திருப்பது பெண் செடியின் பூவில்தான். மகரந்தம் பட்டு அது விதை பிடித்தால் பூவின் தரம் குறையும். ஆகவே ஆண் செடிகளைக் கண்டறிந்து பிடுங்கி எறிவார்கள். இரண்டாவது, பெண் செடிகளே முளைக்கும்படி உண்டாக்கிய விதை. ஒரு பெண் செடிமேல் வெள்ளி கலந்த கரைசலைத் தெளித்து, அதையே மகரந்தம் தரச் செய்து, அதனால் மற்றொரு பெண் செடியைச் சூல்கொள்ளச் செய்து இதைப் பெறுகிறார்கள். மூன்றாவது, தானாகப் பூக்கும் விதை. மற்றச் செடிகள் பகல் குறுகி இரவு நீளும்போதே பூக்கும். இதுவோ குறுகிய கோடையுள்ள வடதேசங்களின் காட்டு இனத்தோடு கலந்தது. வெளிச்சத்தின் அளவைப் பாராமல் வயது வந்ததும் பூத்து, ஏறக்குறைய மூன்று மாதத்திற்குள் அறுவடைக்கு வந்துவிடும்.

சகோதரரிடம் இருந்த ஓர் உறை இந்த மூன்றாம் வகை. டி.எச்.சி. என்னும் போதைப்பொருள் 20 சதவீதத்திற்கும் மேல் என்று அதில் அச்சிட்டிருந்தது. மற்றொன்று, போதை குறைவாகவும் சி.பி.டி. மிகுதியாகவும் உள்ளது என்று விற்கப்படுவது. “இரண்டாவதுதான் நல்லதல்லவா ஐயா?” என்று கேட்டார்.

இரண்டில் ஒன்று என்றால் இரண்டாவதே கேடு குறைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் உறையில் அச்சிட்ட எண் ஒரு சாத்தியம் மட்டுமே. ஒரே உறையின் விதைகளும் வேறுபடும். ஒளி, உரம், அறுவடைக் காலம் இவற்றுக்கேற்ப பூவின் வீரியமும் மாறும். அதை அளந்து பார்க்க வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லை. இன்று எவ்வளவு உட்கொண்டோம் என்று அறியாமல் நாளைக் காலையில் பாரந்தூக்கி வண்டியை ஓட்டப்போகிறவருக்கு இது சிறிய காரியமல்ல.

அளவைப் பற்றியும் கேட்டேன். திறந்த வெளியில் நன்றாக வளர்ந்த ஒரே செடி சில நூறு கிராம் உலர்ந்த பூவைத் தரக்கூடும். பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பது 30 கிராம். ஒருவருடைய வலிக்கு மிஞ்சியது எங்கே போகும்? கண்ணாடிப் போத்தல்களில் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்த வீட்டில் பதினாறு வயது மகன் இருக்கிறான். அதைச் சொன்னதும் சகோதரர் தலைகுனிந்தார்.

இங்கேதான் நோவா என் நினைவுக்கு வந்தார். அவர் நட்டது திராட்சத்தோட்டம். நட்டதற்காக வேதம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் குடித்துக் கிடந்தது தன் சொந்தக் கூடாரத்திற்குள். தடுக்கும் சட்டம் எதுவும் அங்கே இல்லை. ஆயினும் அதைப் பார்த்தது அவருடைய பிள்ளை. காம் கண்டு வெளியே போய்ச் சொன்னான்; சேமும் யாப்பேத்தும் பின்முகமாய் நடந்து சென்று தகப்பனை மூடினார்கள். தகப்பன் தன் வீட்டுக்குள் செய்ததன் பாரத்தைப் பிள்ளைகளே சுமந்தார்கள்.

தேவன் விதையுள்ள பூண்டுகள் யாவையும் படைத்தாரே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், செடிமேல் குற்றமில்லை. அரளியையும் அவரே படைத்தார்; அதை நாம் அரைத்து உண்பதில்லை. அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றிய கஞ்சாவில் 1995-இல் டி.எச்.சி. ஏறக்குறைய 4 சதவீதமாக இருந்தது. 2014-இல் ஏறக்குறைய 12 சதவீதமாயிற்று. இன்றைய உறைகள் அதையும் கடந்துவிட்டன. மனிதன் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து வீரியம் ஏற்றிய விதை இது. இளவயதில், அடிக்கடி, வீரியம் மிகுந்ததைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மனித மூளை முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயதாகிறது.

கொரிந்து சபைக்குப் பவுல் கற்பித்ததும் இதுவே: அனுமதி உண்டு என்பதால் மட்டும் ஒன்று தகுதியானதாகிவிடாது, அது பிறனைக் கட்டியெழுப்புமா என்பதே கேள்வி. ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பிள்ளைகளும் வாலிபரும் வாழும் வீட்டில் எந்த வகை விதையும் வேண்டாம். வலி உண்மையானதென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் இதே செடியிலிருந்து எடுத்த மருந்தை அளவோடு எழுதித் தந்தால் அதை வெட்கமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள், அதில் பாவமில்லை. அலமாரியில் மதுப்புட்டியை வைத்துக்கொண்டு கஞ்சாச் செடியை மட்டும் சபிக்கிற வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் நோவாவின் கதை பொருந்தும்.

அந்தச் சகோதரர் உறைகளைப் பிரிக்காமல் மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். நடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடும்ப மருத்துவரைப் பார்க்க வரும் வாரம் நேரம் வாங்கியிருக்கிறார். துணைக்கு என்னை அழைத்திருக்கிறார். நான் போகிறேன். 2018-இல் பிரசங்கித்த அன்றே நான் செய்திருக்க வேண்டிய ஊழியம் இது.

இப்படிப்பட்ட கேள்வி உங்களிடமும் இருந்தால், பயப்படாமல் வாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, வலியால் வாடுகிறவர்களுக்கு ஆறுதல் தாரும். எங்கள் வீடுகளில் நாங்கள் நடுவது எங்கள் பிள்ளைகளுக்கு இடறலாகாதபடி காத்தருளும். கேட்கும் செவியை உமது ஊழியக்காரருக்குத் தாரும். ஆமென்.