சுவரில் எழுதலாம், சாயக்கூடாது

விளம்பரம் பொய் சொல்கிறது என்று நம் தோழர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பொய்யை வரைகிற கை யாருடையது? ராத்திரி அது எந்த வீட்டில் சோறு தின்கிறது?

விளம்பரக் கம்பெனியில் ஆர்ட் டைரக்டர் என்றொரு வேலை. படத்தில் எந்த முகம், அதற்கு என்ன நிறம், அடுப்பில் என்ன பாத்திரம், தாத்தா மார்பில் நூல் தெரியணுமா வேணாமா என்பதையெல்லாம் வரைந்து காட்டுகிறவர். வாசகம் எழுதுவது காப்பிரைட்டர். முன்பெல்லாம் அவர் எழுதி அனுப்புவார், இவர் படம் போடுவார். 1949-இல் நியூயார்க்கில் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் கம்பெனி இருவரையும் சேர்ந்து உட்காரவைத்துப் பேர் வாங்கியது. அந்த முறை இங்கேயும் வந்தது. மேசைதான் ஒன்று. பேசுகிற வாய் கான்வென்ட் இங்கிலீஷ், வரைகிற கை நம்மாள் கை என்கிறான் என் நண்பன்.

அவன் சேரிப் பையன். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். ஊர்த்தெருச் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, பூச்சிமருந்துக்கும் சிமெண்டுக்கும் ஆளுயர எழுத்து எழுதுவார். களைத்துப்போய் அதே சுவரில் சாய்ந்தால் வீட்டுக்காரன் கத்துவான். பிளக்ஸ் வந்ததும் பிரஷ் பரணுக்குப் போனது. மகன் கம்ப்யூட்டருக்குப் போனான்.

ராத்திரி பதினோரு மணி அவனுக்குச் சாதாரணம். 'பிட்ச்' என்று ஒன்று இருக்கிறது. புதுக் கிளையண்டைப் பிடிக்க நாலைந்து கம்பெனிகள் போட்டி போட்டுச் செய்துகாட்டும் வேலை. அது வந்தால் மூன்று நாள் வீட்டுப்பக்கமே போகமாட்டான். ஓவர்டைம் கிடையாது. வங்கிக் குமாஸ்தா எனக்கு யூனியன் இருக்கிறது. அவனுக்குக் 'கலை ஆர்வம்' இருக்கிறதாம்!

வேளச்சேரியில் வாடகை பிளாட். "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்டபோது அவன் மனைவி "இல்லீங்க" என்று சொல்லித்தான் வீடு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகும்போது ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். திங்கட்கிழமை அவன் மசாலாத்தூள் விளம்பரத்துக்குச் சமையலறை வரைகிறான். குத்துவிளக்கு, துளசிமாடம், வெள்ளைவெளேர் மாமியார்.

"ஏன்டா, ஜன்னல் சாத்துன சமையலறைய வரையக்கூடாதா?"

"வரையலாம் மச்சான். பிரீஃப்ல 'நார்மல் தமிழ் ஃபேமிலி'ன்னுல்ல போட்டிருக்கானுங்க."

அந்த நார்மல் யார் வீட்டு நார்மல்? 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பேரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுக்க 2020 ஆனது. நாற்பத்தைந்து வருஷம். கறுப்பில் தொடங்கி வெளுப்பில் முடியும் முகவரிசையை ஒவ்வொரு முறையும் ஒரு ஆர்ட் டைரக்டர்தானே அடுக்கினார்?

2023 ஜூன் சுற்றுச்சூழல் நாளுக்கு ஜொமாட்டோ வெளியிட்ட படத்தை மறக்க முடியுமா? 'லகான்' (2001) படத்தில் வரும் தலித் பாத்திரம் கச்ரா. இந்தியில் அந்தச் சொல்லுக்குக் குப்பை என்று அர்த்தம். அதே நடிகரை விளக்காக, பேப்பர்வெயிட்டாக, பூவாளியாக மாற்றி, மறுசுழற்சி செய்த குப்பை என்று காட்டினார்கள். இயக்குநர் நீரஜ் கெய்வான் கண்டித்தார். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேடிக்கையாகச் சொல்ல நினைத்தோம் என்று படத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு மனித உடம்பில் விளக்கை எங்கே மாட்டுவது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வரைந்திருக்கிறார்கள், ஷூட்டிங் நடந்திருக்கிறது, எடிட்டிங் நடந்திருக்கிறது. இத்தனை கை மாறியும் படம் எங்கேயும் நிற்கவில்லை.

நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சில தோழர்கள் சொன்னார்கள். நண்பனிடம் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. "அந்த மாச வாடகை குடுத்தாச்சான்னு மொதல்ல பாத்திருப்பேன்" என்றான்.

அவனைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். ஒருத்தனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வீரம் பேசச் சொல்வது அநியாயம். அந்த அறையில் நாலு பேராவது வேண்டும், முடியாது என்று சொன்னால் வேலை போகாது என்பதற்கு ஒரு சங்கம் வேண்டும். கவின் கலைக் கல்லூரியிலிருந்து வெளியே வரும் தம்பி தங்கைகளிடம் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் பேச வேண்டியிருக்கிறது.