இசையைப் படிக்கும் கம்ப்யூட்டர் – எந்த சாப்ட்வேர் நமக்கு?

(இரண்டாம் ஆண்டு கணிப்பொறியியல் பட்டயப் படிப்பு மாணவன்)

கம்ப்யூட்டருக்கு நோட்ஸ் பார்த்து வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் 1984-லேயே ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் உருவான வாபாட்-2 என்ற ரோபோ, காமிராவால் நோட்ஸைப் பார்த்து ஆர்கன் வாசித்துவிட்டது. இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரே அந்த நோட்ஸைப் படிக்கிறது. அச்சடித்த ஸ்டாஃப் நொட்டேஷனை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும். முதலில் ஐந்து கோடுகளைத் தேடிப் பிடிக்கும். பிறகு புள்ளி, காம்பு, தாளக் குறி எல்லாவற்றையும் அடையாளம் கண்டு, நாம் திருத்தக்கூடிய பைலாகத் தந்துவிடும்.

"இது நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்கலாம். எங்க அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நொட்டேஷன் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பியானோவுக்கு அச்சான பாட்டை பி-பிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு டோன் ஏற்றி எழுத வேண்டும். சாக்ஸபோனுக்கு வேறு கணக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையாலேயே எழுதுவார்கள். பைலாக இருந்தால் இந்த மாற்றம் ஒரு நொடி வேலை. சர்ச் பாடகர் குழுக்களில் தூளாகிக் கொண்டிருக்கும் பழைய புத்தகங்களுக்கும் இதுவே வழி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? "எங்க சாப்ட்வேர் இத்தனை சதவீதம் சரியாப் படிக்கும்" என்று யார் சொன்னாலும் மயங்காதீர்கள். ஒரு பக்கத்தில் 400 ஸ்வரம் இருந்து 95 சதவீதம் சரி என்றால், 20 தப்பு. அதைக்கூடத் திருத்திவிடலாம். வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு ஷார்ப் குறியை அது விட்டுவிட்டால்? தப்பு ஒன்றுதான், ஆனால் அந்த வரியில் உள்ள எஃப் எல்லாமே அபஸ்வரம்! எனவே பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, கைக்கடிகாரத்தை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் இங்கே நல்ல சோறாகப் பொறுக்காதீர்கள். உங்களிடம் உள்ளதிலேயே மோசமான பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் நேராக ஸ்கேன் செய்து கொடுங்கள். தப்பைத் திருத்த எத்தனை நிமிடம் ஆனது? அதே பக்கத்தை நீங்களே தட்டச்சினால் எத்தனை நிமிடம்? கையே முந்தினால் எந்த சாப்ட்வேரும் வேண்டாம்.

அடுத்த சோதனை, பைல். மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் 2004-இல் வெளிவந்தது; அதில் சேமித்தால் பல சாப்ட்வேர்களில் திறக்கலாம். இது ஏன் முக்கியம்? 1988-இல் வந்து, உலகெங்கும் இசையமைப்பாளர்கள் நம்பியிருந்த ஃபினாலே சாப்ட்வேரை இனி வளர்க்கப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் சொந்த வடிவத்தில் மட்டும் சேர்த்து வைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தானே?

இந்த இரண்டையும் எடை போட்டால், நம்மைப் போன்றவர்கள் முதலில் முயல வேண்டியது ஆடிவெரிஸ் என்பதே என் கருத்து. முற்றிலும் இலவசம். படிப்பதற்கு அது, திருத்துவதற்கு மியூஸ்ஸ்கோர், அதுவும் இலவசம். கையால் எழுதிய தாளை ஆடிவெரிஸிடம் கொடுத்துப் பயனில்லை. அச்சுத் தாள்தான் வேண்டும். பழகச் சில நாள் ஆகும். ஸ்மார்ட்ஸ்கோர், ஸ்கேன்ஸ்கோர் போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கம் வைத்திருப்பவருக்கு அவை நேரம் மிச்சப்படுத்தினால் வாங்குவதில் தவறில்லை.

ஆனால் "கிராக் வெர்ஷன் இருக்குடா, பென் டிரைவ் கொண்டா" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். விடிய விடிய வாசித்தவனுக்குப் பேசிய கூலியைக் குறைப்பது எவ்வளவு வலிக்கும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். சாப்ட்வேர் எழுதியவனும் உழைப்பாளிதானே? இலவசமாகவே நேர்மையான வழி இருக்கும்போது திருட்டு எதற்கு?

ஒன்று மட்டும் குறை. 1893-இல் சின்னசாமி முதலியார் நம் இசையை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். அத்தகைய பக்கத்தை இவற்றிடம் கொடுத்துப் பார்க்கலாம். 1904-இல் சுப்பராம தீட்சிதர் ஸ்வர எழுத்துகளில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைக் கொடுத்தால் இவை விழிக்கும். ஐந்து கோடு இல்லாத தாள் இவற்றுக்கு இசையே இல்லை!

ஆடிவெரிஸின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எழுதியிருப்பது நாம் பாடமாகப் படிக்கும் ஜாவாவில். ச ரி க ம எழுத்துகளையும் படிக்கும் ஒரு சாப்ட்வேரை அடுத்த ஆண்டு புராஜெக்டாக நாமே தொடங்கினால் என்ன? வாருங்கள் நண்பர்களே, முயன்று பார்ப்போம்!